மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

ஏழு வருடமாக உங்களை இந்த ஒரு சொல்லால்தான் கூப்பிட்டேன். குசினிக்குள் அடுப்படியில் நின்று கூப்பிட்டாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தது நீங்கள் ஒருவர்தான். இப்போது ஒரு புலவர் உங்கள் பெயரைப் பக்கத்துக்குப் பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். வாசிக்கும்போது வேறு யாரோ ஓர் ஆளைப் பற்றிச் சொல்வது போல இருக்கிறது.

உங்களுடைய முப்பத்தோராம் நாள் வருகிறது. வழக்கம்போலக் கல்வெட்டு அடிக்கிறார்கள். அன்றைக்கு வருகிற சனத்துக்குக் கொடுக்கிற அந்தச் சின்னப் புத்தகத்தில் என்ன இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: உங்கள் படம், வம்சம், புலவரின் பாட்டு, கடைசியில் நன்றி. வவுனியா அச்சுக்கூடத்திலிருந்து அச்சுப்படி வந்ததும் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். பள்ளிக்கூட ரீச்சர் இருக்கிற வீட்டில் வேறு யார் பார்ப்பது? எழுத்துப் பிழை நாலு இருந்தது. திருத்தினேன். ஐந்தாவது பிழை எழுத்தில் இல்லை.

"அயலான் ஒருவன் அளித்த இரும்பினில் எமனும் ஏறி வந்தனன் காண்" என்று இரண்டு வரி. அயலான் யார் என்று பெயர் போடவில்லை. போடத் தேவையும் இல்லை. முரசுமோட்டையிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் உங்களுக்கு அந்த மோட்டார் சைக்கிளைத் தந்தது ஹனிபா நானா என்று எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் பக்கம் குறையும், நீங்களே ஏதும் எழுதித் தாருங்கோ என்று அச்சுக்கூடக்காரர் மறுமொழி அனுப்பினார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் சாவுக்கு ஹனிபா நானா காரணம் இல்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

எல்லாம் ஒரு சீனிச் சரையில் தொடங்கியது. நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற ஹனிபா, முல்லைத்தீவில் கடையும் நெல் மில்லும் வைத்திருப்பவர். அவருடைய கடையில் சீனி சுற்றித் தந்த கடதாசியை நீங்கள் எறியாமல் விரித்துப் பார்த்தீர்கள். ஏதோ ஓர் இங்கிலீசு சஞ்சிகையின் ஒற்றைத் தாள். அதில் ஒரு மோட்டார் சைக்கிள். தாழ்ந்த ஹாண்டில், ஒரே ஒரு ஆள் இருக்கிற சீற், நீட்டான பெற்றோல் தாங்கி. ஓட்டுகிறவன் களை பிடுங்குகிறவனைப் போலக் குனிந்திருந்தான். கீழே "கஃபே ரேசர்" என்று போட்டிருந்தது. அதென்ன என்று என்னைக் கேட்டீர்கள்.

"தேத்தண்ணிக் கடைக்குப் பந்தயம் ஓடுற சைக்கிள்" என்றேன்.

நீங்கள் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பில் மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அப்ப பரந்தன் சந்திக் கடைக்கு எங்கட வீட்டிலயிருந்து ஒண்டு ஓடவேணும்" என்றீர்கள். பகிடிக்குச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். அடுத்த கிழமை ஹனிபா நானாவின் லொறியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. உலக யுத்த காலத்தில் பட்டாளக்காரர் விட்டுப்போனதாம். மில்லுக்குப் பின்னால் கிடந்து, அதன் தாங்கிக்கும் சீற்றுக்கும் நடுவில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். "கொண்டு போங்கோ தம்பி, கோழிக்கு நான் வேற இடம் பாக்கிறன்" என்று சொல்லி உங்களிடம் தந்தவர் அவர். ஒரு சதம் வாங்கவில்லை. தந்தது என்றால் அவ்வளவுதான் தந்தது.

மாமி அன்றைக்குச் சொன்ன சொல்லை நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பிள்ளை இல்லாத வீட்டில இரும்புக்குத் தொட்டில் கட்டப் போகினம்." அவருக்கும் ஆற்றாமை, எனக்கும் ஆற்றாமை. அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராக மோட்டார் சைக்கிள் நின்ற பத்திக்குப் போய் உங்களுக்குப் பக்கத்தில் குந்தினேன். அதற்கு முதல் ஸ்பனர் எது, குறடு எது என்று எனக்குத் தெரியாது.

எட்டு மாதம். ட்ராக்டர் வேலை முடிந்து நீங்கள் வருவீர்கள், கொப்பி திருத்தி முடித்து நான் வருவேன். தண்ணீர்க் குழாய்க்குள் மணலை இறுக்கி அடைத்து, உமி நெருப்பில் காய்ச்சி வளைத்து ஹாண்டில் செய்தோம். முதல் மூன்று குழாயும் முறிந்தது. ட்ராக்டர் சீற்றின் பழைய தோலை நான் தையல் மெஷினில் தைத்தேன். இரண்டு ஊசி உடைந்தது. உள்ளுக்கு இலவம்பஞ்சு. நீங்கள் ஏறி இருந்து பார்த்து, "தலையணை மாதிரிக் கிடக்கு, நித்திரை வரும்" என்று சொன்னபடியால் அரைவாசிப் பஞ்சைத் திரும்ப எடுத்தேன்.

எங்களிடம் இருந்தது ஒரு படம். அதில் வலப்பக்கம் மட்டும்தான். இடப்பக்கம் எப்படி இருக்கும் என்று கடைசிவரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதை நீங்கள் உங்கள் மனம்போலச் செய்தீர்கள். வலப்பக்கத்தை நான் விடவில்லை. வலப்பக்கம் படத்தில் இருக்கிறபடி இருக்க வேணும் என்று நின்றேன். அடிமட்டத்தைக் கொண்டுவந்து படத்தை அளந்தேன். எங்கள் சக்கரத்தின் வளையம் பத்தொன்பது அங்குலம். படத்தில் அது இரண்டேகாலே அரைக்கால் அங்குலம். ஆகவே படத்தில் ஒன்று என்றால் எங்களுக்கு எட்டு. இந்தக் கணக்கைப் போட்டுச் சுவரில் கரியால் எழுதினேன். அதற்குப் பிறகு நீங்கள் எதை வெட்டினாலும் என்னைத்தான் கேட்டீர்கள். "ரீச்சர், இது எவ்வளவு?" நான் அளந்து, எட்டால் பெருக்கிச் சொல்லுவேன். ஏழு வருடத்தில் அந்த எட்டு மாதம்தான் எனக்கு அந்த வீடு என்னுடைய வீடு மாதிரி இருந்தது. இதை உங்களிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை.

முன்பக்க மட்கார்டுக்கு வந்தோம். பட்டாளக்காரருடையது பெரிய குடை மாதிரி, டயருக்கு மேலே கையை விட்டு எடுக்கலாம். படத்தில் இருந்தது ஒரு மெல்லிய தகடு, டயரை ஒட்டினாற்போல. அளந்தேன். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. எட்டால் பெருக்கினால் அரை.

"அரை இஞ்சி" என்றேன்.

"அது காணாது. இது களி நிலம். ஒண்டரையாவது விடவேணும்."

"படத்தில அரைதான்."

"படத்தில இருக்கிறது தார் றோட்டு. அவனுக்கென்ன?"

"அப்ப எதுக்குப் படத்தைப் பாக்கிறியள்? ஒரு வாளியைக் கவிட்டு வைச்சுக்கொண்டு ஓடுங்கோவன்."

ஹனிபா நானா அன்றைக்கு வந்திருந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, ரீச்சரோட கணக்கில வெல்லேலாது" என்று அவர் சொல்ல, நீங்கள் சிரித்துக்கொண்டு இரும்பறுக்கிற வாளை எடுத்துத் தகட்டை அறுத்தீர்கள். நான் அடிமட்டத்தை டயரின்மேல் நிறுத்திப் பார்த்தேன். சரியாக அரை. எனக்கு வந்த சந்தோசத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். மாட்டுவண்டிச் சில்லைக் களி பிடித்து நிறுத்துவதைப் பிறந்த நாளிலிருந்து பார்க்காதவள் அல்ல நான். என்னுடைய விடை சரியாக இருக்க வேணும், அவ்வளவுதான்.

அது ஆவணி. நிலம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. முதல் ஓட்டத்துக்கு மாமியே தேசிக்காய் வைத்தார், சில்லுக்கு முன்னுக்கும் பின்னுக்கும். நீங்கள் பரந்தன் சந்திக்குப் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தீர்கள். சந்தியில் இருந்தவர்கள் இதென்ன, கால் முறிந்த குதிரையோ என்று கேட்டார்களாம். வந்து இறங்கி, எல்லாரும் பார்க்க என்னுடைய தலையில் ஒரு குட்டுக் குட்டினீர்கள். ஆவணி, புரட்டாதி முழுக்கத் தூசிக்குள் அது நல்லாகத்தான் ஓடியது.

ஐப்பசியில் முதல் மழை பெய்தது. விடியற்காலை தொடங்கி எட்டு மணிக்குத் தூறலாகக் குறைந்தது. உழவு தொடங்கப்போகிறது, ட்ராக்டருக்குப் பெல்ட் வேணும் என்று பரந்தனுக்கு வெளிக்கிட்டீர்கள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போக முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். "வாறன்" என்றீர்கள். வாய்க்கால் வரம்பு றோட்டால் போனீர்கள். மதகடியில் விழுந்தீர்கள். தலை மதகின் கல்லில் பட்டது. வயலில் நின்றவர்கள் ஓடிப்போகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. உங்கள் கழுத்துக்குக் கீழே ஒரு கீறல் இல்லை. நான்தான் குளிப்பாட்டும்போது பார்த்தேன்.

ஹனிபா நானா அன்றைக்கு லொறியில் கிளிநொச்சிக்குப் போகிற வழியில் கேள்விப்பட்டிருக்கிறார். லொறி வரம்பில் வராது. இறங்கி நடந்து போய், உங்களைத் தூக்கி வந்த பிறகும் அங்கேயே நின்று, பின்னேரம் ஒரு மாட்டுவண்டி பிடித்து மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்தார். மாமி படலையடியில் அவரை மறித்தார்.

"நீ தந்த இரும்புதான் என்ரை பிள்ளையைத் திண்டது. இந்த வளவுக்குள்ள கால் வைக்காதை."

அவர் வண்டிக்காரரோடு சேர்ந்து மோட்டார் சைக்கிளை வேலியோரம் சாத்திவிட்டுப் போய்விட்டார். செத்தவீட்டுக்கு வரவில்லை. எட்டாம் நாள் சடங்குக்கும் வரவில்லை. உங்களை "தம்பி" என்று கூப்பிட்டவர், மில்லை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் இருந்தாராம்.

ஊர்ச்சனத்துக்கு ஆளுக்கொரு காரணம் இருந்தது. வேகம் என்றார்கள். ஆனால் வயலில் நின்றவர் நடக்கிற வேகத்தில்தான் போனீர்கள் என்று சொன்னார். பிறேக் அறுந்தது என்றார்கள். கண்ணூறு என்றார்கள். எல்லாக் காரணமும் சுற்றிச் சுற்றி ஹனிபா நானாவிடம்தான் போய் நின்றது. பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்று. துடக்கு வீடு, நான் வெளியே போக முடியாது. வருகிறவர்களுக்கு முன்னால் இருந்து அழுவதும், அவர்கள் போனதும் எழும்புவதும்தான் வேலை. பத்தாம் நாள் ஸ்பனரை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். மாமி தலையில் அடித்துக்கொண்டார். எனக்குப் பேதலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்துக்குச் சொன்னார். சொல்லட்டும். எனக்குத் தெரிய வேணும்.

பிறேக் கம்பியைக் கழற்றினேன். முழுசாக இருந்தது. காற்றுக் குறையவில்லை. செயின் இருந்தது. ஹாண்டில் இரண்டு பக்கமும் இறுக்கம். பட்டாளக்காரருடைய பகுதி ஒவ்வொன்றையும் கழற்றிச் சாக்கில் அடுக்கினேன், ஹனிபா நானா தந்ததில் ஒன்றுகூடப் பழுது இல்லை. முன் மட்கார்டைக் கடைசிக்கு விட்டேன். ஏன் கடைசிக்கு விட்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உள்பக்கம் முழுக்கக் களி. காய்ந்து செங்கல்லாக இருந்தது. டயரின் பூ அதில் அப்படியே அச்சாகப் பதிந்திருந்தது. அரை அங்குலத்தில் ஓர் இம்மியும் மிச்சம் இல்லை. வரம்பு றோட்டில் போகப் போகக் களி ஏறியிருக்கிறது. சில்லு பாரமாக இழுக்க, நீங்கள் கூடக் கொஞ்சம் முறுக்கியிருப்பீர்கள். மதகேற்றத்தில் முன்சில்லு இறுகி நின்றது. நீங்கள் நிற்கவில்லை. ஒன்றரை விட்டிருந்தால் களி தன்பாட்டில் கழன்று விழுந்திருக்கும்.

நான் அழவில்லை. திரும்பவும் அளந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றைக் கண்டேன். தகட்டின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் களி இல்லை. கத்தி போட்டுச் சுரண்டிய தடம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சுத்தமான சில்லாகத் தெரியும்படி யாரோ சுரண்டியிருக்கிறார்கள். அன்றைக்குப் பின்னேரம் வரைக்கும் அதற்குப் பக்கத்தில் நின்றது ஓர் ஆள்தான்.

பஸ் கொண்டக்டரிடம் துண்டு எழுதிக் கொடுத்து ஹனிபா நானாவைக் கூப்பிட்டேன். மாமி மத்தியானம் கண் அயர்ந்த நேரம் வந்தார். படலைக்கு வெளியில் நின்றார், எத்தனை தரம் சொல்லியும் உள்ளுக்கு வரவில்லை. மெலிந்துபோய் இருந்தார்.

"நானா, மட்கார்டைச் சுரண்டினது ஆர்?"

"வண்டில ஏத்தச் சில்லு உருளேல்லை ரீச்சர். அதுதான் சுரண்டினனான்."

"உருளுறதுக்கு உள்ளுக்கல்லோ சுரண்டவேணும். நீங்கள் வெளியிலதான் சுரண்டியிருக்கிறியள்."

நான் விடவில்லை. அரை என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருந்ததோ என்று கேட்டேன்.

"ஓம்" என்றார். "அண்டைக்கு நானும்தானே சிரிச்சுக்கொண்டு இருந்தனான்."

"மாமி ஏசேக்கை ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி? நான் முல்லைத்தீவில இருக்கிறவன், ஏச்சு எனக்குக் காதில விழாது. நீங்கள் இந்த வீட்டில இருக்கவேணும். நாளைக்குப் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு படிப்பிக்கவேணும். என்ரை பேர் கெட்டால் கெட்டிட்டுப் போகட்டும்."

அப்போதுதான் அழுதேன். உங்களுக்காக அழுததைவிடக் கூட அழுதேன் என்றால் கோபிப்பீர்களோ? கோபிக்கமாட்டீர்கள். நீங்களும் அவரைப் போல ஓர் ஆள்தான். மதகடியில் சில்லு இறுகிய அந்த நொடியில் உங்களுக்கும் விளங்கியிருக்குமோ? என்னை ஏசினீர்களோ? அல்லது அந்த நேரத்திலும் ரீச்சரோடு கணக்கில் வெல்லேலாது என்று சிரித்தீர்களோ? இதற்கு எந்தப் பகுதியைக் கழற்றினாலும் மறுமொழி கிடைக்கப்போவதில்லை.

இதுவரை எழுதியதை நேற்று மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால், அச்சில் வந்த பிறகு வேறு வாயால் கேட்க வேண்டாம் என்று நினைத்தேன். தொட்டில் என்று அவர் சொன்னதையும் விடாமல் வாசித்தேன். முடிந்த பிறகுதான் கேட்டார்.

"அரை இஞ்சி எண்டால் எவ்வளவு பிள்ளை?"

பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிடித்துக் காட்டினேன்.

"இவ்வளவோ?"

"ஓம் மாமி. இவ்வளவுதான்."

அந்த இடைவெளியைக் கன நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் பார்த்து முடிக்கும்வரைக்கும் நான் கையை இறக்கவில்லை. பிறகு எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

இன்று விடிய, முல்லைத்தீவுக்குப் போகிற பஸ்ஸை மாமியே றோட்டில் நின்று மறித்தார். கொண்டக்டரிடம் சொன்னது வீட்டுக்குள் எனக்குக் கேட்டது. "ஹனிபாவை முப்பத்தொண்டுக்கு வரச் சொல்லு. மரக்கறிச் சாப்பாடுதான், வந்து முதல் பந்தியில இருக்கட்டாம். நான்தான் சொன்னனான் எண்டு சொல்லு. படலைக்கு வெளியில நிக்கக் கூடாது எண்டும் சொல்லு."

என்னோடு நேற்றிலிருந்து கதைக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றினால் என்னுடைய கோப்பையையும் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார், முகத்தைப் பார்க்காமல் போகிறார். அதில் நியாயம் இருக்கிறது. அவருடைய ஒரே பிள்ளை நீங்கள்.

துடக்குக் கழிந்ததும் வருகிற திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போவேன். அதற்குள் இந்தப் புத்தகம் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் போய்விடும். யாராவது கேட்டால் கரும்பலகையில் அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுவேன். விடை சரி என்றும், அதைக் களி நிலத்தில் கொண்டுபோய் வைத்தவள் நான் என்றும் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

உங்கள் அம்மாவைப் பற்றி யோசிக்க வேண்டாம். என்னோடு கதைத்தாலும் கதைக்காவிட்டாலும், அவர் கண்மூடும்வரைக்கும் அவருக்குச் சோறு போடுகிற கை என்னுடைய கைதான். அது என்ன செய்த கை என்று தெரிந்துகொண்டே அவர் சாப்பிடட்டும். தெரிந்துகொண்டே நானும் போடுவேன்.

உங்கள் பெண்சாதி,
கமலா